வெல்லத்தோடு இரும்பு தின்ற நாய்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி நாய்களைப் பற்றியவை. போன ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் எங்கள் சபையின் காலை ஆராதனையில், போதகர் பிரசங்கத்தை இன்னும் பாதிகூடத் தாண்டாத நிலையில், என் கைப்பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. என் நாத்தனார் திரும்பிப் பார்த்து முறைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று எடுத்தேன்.

ஸ்வாதி பேசினாள். திருப்பதியில் செல்லப்பிராணிகளுக்கு மட்டும் கிளினிக் வைத்திருக்கும் பெண். படிப்பை முடித்ததும் என்னிடம் சில காலம் வேலை பார்த்தவள். ஒரு படம் அனுப்பியிருந்தாள். முடி வளர்வதற்காக மனிதர்கள் மென்று தின்னும் ஜெல்லி மிட்டாய் டப்பா, கடித்துக் குதறப்பட்டு, காலியாக.

"மேடம், லேப்ரடார். டப்பா பூரா காலி. ஓனர் இங்க அழுதுட்டு நிக்கிறாங்க. நாய் சந்தோஷமா இருக்கு."

"டப்பாவுல சர்க்கரை இல்லாததுன்னு போட்டிருக்கா பாரு. அப்படின்னா சர்க்கரைக்குப் பதிலா வேற என்ன சேர்த்திருக்கான்னு படி" என்றேன். நமக்கு இனிப்பாக மட்டும் இருக்கும் சில பொருள்கள் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று கீழே இறக்கிவிடும். நல்லவேளை, இது வெறும் சர்க்கரைதான். வயிற்றுப்போக்கோடு போய்விடும் என்று சொல்லி வைத்தேன். அன்று மாலை ஸ்வாதி மறுபடி கூப்பிட்டு, "மேடம், நீங்க இதையெல்லாம் எழுதி வைங்களேன். இப்ப எங்களுக்கு வர்றதே இந்த மாதிரி கேஸ்தான்" என்றாள்.

அவள் சொல்வது சரிதான். நான் வேலைக்கு வந்த காலத்தில் கால்நடை ஆஸ்பத்திரி என்றால் மாடு, எருமை, ஆடு. நாயைத் தடுப்பூசிக்கு மட்டும் கூட்டி வருவார்கள். அதுவும் அது யாரையாவது கடித்த பிறகு! இப்போது வீட்டுக்கு வீடு நாய் இருக்கிறது, வீட்டுக்கு வீடு சத்து மாத்திரையும் இருக்கிறது. ஜிம்முக்குப் போகும் பையனின் புரோட்டீன் பவுடர், அப்பாவின் மீன் எண்ணெய், அம்மாவின் கால்சியம், வாரம் ஒன்று போடச் சொன்ன வைட்டமின் டி. எல்லாம் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில்தான். நாய்க்கு மூக்கு இருக்கிறது என்பதே யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

தின்றுவிட்டது என்று தெரிந்ததும் எல்லாரும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான். "சத்து மாத்திரைதானே டாக்டர், நல்லதுதானே?" எனக்கு இந்த இடத்தில் கோபம் வரும். அறுபது கிலோ ஆளுக்கு வாரம் ஒன்று என்று கொடுத்ததை பத்து கிலோ நாய் ஒரே மூச்சில் அட்டையோடு விழுங்கினால் அது சத்து இல்லை, விஷம். வைட்டமின் டி சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரும்பு குடலையும் ஈரலையும் அரிக்கும். ஆகவே ஸ்வாதிக்கும் அவள் வயதுக்காரர்களுக்கும் நான் சொல்வது: உப்புத் தண்ணீரை ஊற்றி வாந்தி எடுக்க வைக்கச் சொல்லாதீர்கள், அந்த உப்பே கொன்றுவிடும். எண்ணெய், மோர், கை வைத்தியம் எதுவும் வேண்டாம். டப்பாவையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே வரச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை நாயைப் பார்த்து நாம் முடிவு செய்வோம். அதற்கெல்லாம் மேலே, நாய் நன்றாக இருக்கிறதே என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை எனக்குப் புத்தகமும் சொன்னது, ப்ளாக்கி என்கிற நாயும் சொன்னது. புத்தகம் சொன்னது மறந்துகூடப் போயிருக்கும்.

திருப்பதியில் கால்நடை மருத்துவம் படித்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஹாஸ்டல் சாம்பாரும் குதிரையின் எலும்புகளின் பெயர்களும்தான் ஞாபகத்தில் நிற்கின்றன. வேலை என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தது பாஸ்கர் சாரிடம் போஸ்டிங் கிடைத்த பிறகுதான். தெலுங்குக்காரர். ஒல்லியான உடம்பு, சிடுசிடுப்பான முகம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெப்பமானி. அவர் ஒருநாளும் மனிதர்களிடம் நேராக, "உங்கள் நாய் என்ன சாப்பிட்டது?" என்று கேட்டதில்லை. நாயைத் தூக்கி மேஜையில் வைத்ததும் அதன் முகத்துக்கு நேரே குனிந்து, "ஏம்ரா, ஏமி தின்னாவு?" என்று விசாரிப்பார். என்னடா தின்றாய் என்று அதையே கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நிற்பார். சுற்றி நிற்பவர்களுக்கு அந்த மௌனம் தாங்காது. யாராவது வாயைத் திறந்துவிடுவார்கள்.

அப்படியும் திறக்காவிட்டால் அவருக்கு இன்னொரு வழி உண்டு. ஒருவரை வெந்நீர் கொண்டுவரச் சொல்வார், ஒருவரைப் பழைய துணி தேட அனுப்புவார், ஒருவரை வாசலில் நிற்கும் மாட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். வெந்நீர் தேவையே இருக்காது. மிஞ்சி நிற்கும் ஒருவர் தானாகவே பேச ஆரம்பிப்பார். பிறகு ஆளை மாற்றுவார். "ஒரு வீட்டில் நாலு பேர் சேர்ந்து நின்றால் நாலு பேரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். தனித்தனியாக நின்றால் ஒவ்வொருத்தரும் ஒரு துண்டு உண்மை சொல்வார்கள்" என்பது அவர் கணக்கு. மேஜையில் கேட்டதை அறையை விட்டு வெளியே கொண்டு போகக்கூடாது என்பது அவர் சட்டம். ஒரு தடவை நான் காபி குடிக்கும்போது ஒரு வீட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ப்ளாக்கி என் வேலைக்காலத்தின் கடைசிப் பகுதியில் வந்தது. அப்போது நான் பாலசமுத்திரம் பக்கத்தில் இருந்தேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்கள். ஆபீஸ் வேலையெல்லாம் தெலுங்கில், நோய் நொடியெல்லாம் தமிழில். கன்னியம்மா என்கிற அம்மாவை எனக்கு முன்பே தெரியும். புருஷன் இல்லை. ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவள். பிறகு கொஞ்சம் நிலம் கிடைத்து, ரெண்டு கறவை மாடு வைத்துப் பிழைத்தாள். ஒரே மகன் வெங்கடேசு, நாயுடுபேட்டையில் கம்பெனி வேலை, வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வருவான். அவனுக்குக் கல்யாணமாகி மருமகள் அனிதா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்கு அப்போது வயிற்றில் ஐந்தாவது மாதம். ஆக வாரம் முழுக்க அந்த வீட்டில் ரெண்டு பெண்களும் ஒரு கறுப்பு நாயும்தான்.

அன்று காலையில் மூன்று பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வெங்கடேசு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். விடியற்காலையிலிருந்து ஓயாத வாந்தி, கடைசி ரெண்டு வாந்தியில் ரத்தம்.

"இன்னா துன்னுதுன்னே தெரியல டாக்டரம்மா. எவனோ மருந்து வெச்சிட்டான் போலக்கீது" என்றான். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஊசி போட்டு, காலில் சலைன் ஏற்ற ஆரம்பித்தேன். பிறகு பாஸ்கர் சார் மாதிரியே குனிந்து, "இன்னாடா துன்னே?" என்று ப்ளாக்கியிடம் கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சரி என்று வெங்கடேசைக் கடைக்கு அனுப்பினேன், கன்னியம்மாவைப் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துவரச் சொன்னேன்.

அனிதா மட்டும் நின்றாள். வாசலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அழ ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா, நான் சொல்றத அத்தைகிட்ட சொல்ல மாட்டீங்கன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். ஊரில் சுகாதாரப் பணி பார்க்கும் ஆஷா பெண் மாசாமாசம் கொண்டுவந்து கொடுக்கும் சிவப்பு மாத்திரை, கர்ப்பிணிகளுக்கான இரும்புச் சத்து. அதைப் போட்டால் இவளுக்குக் குமட்டல். வெளிக்குக் கறுப்பாகப் போனதில் வேறு பயந்துவிட்டாள். போதாததற்கு அவள் அம்மா ஊரில் யாரோ, இந்த மாத்திரை தின்றால் குழந்தை பெரிசாகி வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கன்னியம்மாவோ தினமும் சாப்பாடானதும் மாத்திரையை உரித்துக் கையில் கொடுத்து, இரும்பு வாடை தெரியாமல் இருக்கக் கூடவே ஒரு துண்டு வெல்லமும் கொடுத்து, வாயில் போடும்வரை எதிரிலேயே நிற்பாள். இவள் ரெண்டையும் வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்வாள். மாமியார் நகர்ந்ததும் முந்தானையில் துப்பிவிடுவாள். குப்பையில் போட்டால் கோழி கிளறும், மாத்திரை வெளியே தெரியும். அதனால் ஒரு துணியில் முடிந்து மாட்டுக் கொட்டகையின் மூலையில் செருகி வைத்தாள். தனியாக ஏரிப்பக்கம் போகும்போது வீசிவிடலாம் என்று எண்ணம். தனியாக அனுப்ப மாமியாருக்கு மனசு வரவில்லை. இப்படி ஒரு மாசத்துக்கு மேல் சேர்ந்த மாத்திரைகள், வெல்லம் பிசுபிசுத்து உருண்டையாகிக் கிடந்திருக்கின்றன. அன்று விடிந்து பார்த்தால் துணி மட்டும் இருக்கிறது.

வெல்ல வாசனைக்கு நாய் வராமல் என்ன செய்யும்?

என் கை தானாகவே அந்தப் பெண்ணின் கன்னத்தைப் பிடித்துக் கீழிமையை இழுத்துப் பார்த்தது. ஆடுகளுக்கு அப்படித்தான் பார்ப்போம். ரத்தம் குறைந்திருந்தால் இமையின் உள்பக்கம் வெளுத்துவிடும். அவள் இமை பச்சைத் தண்ணீரில் ஊறிய அரிசி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மேஜைமேல் கிடப்பதற்கு இரும்பு தாங்க முடியாத அளவு அதிகம், மேஜைக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு இரும்பே இல்லை.

உடனே திருப்பதியில் இருக்கும் என் கிளாஸ்மேட் ஒருவரைப் போனில் பிடித்தேன். ரத்தத்தில் சேர்ந்த இரும்பை வெளியேற்ற ஒரு ஊசி மருந்து உண்டு. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிகளின் பக்கத்துக் கடைகளில் வைத்திருப்பார்கள், எங்களைப் போன்ற இடங்களில் கிடைக்காது. "தேடி வாங்கி புத்தூர் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், அங்கே ஆளை அனுப்பி வாங்கிக்கொள்" என்றார்.

நான் போனை வைப்பதற்குள் கன்னியம்மா பக்கெட்டோடு வந்தாள். அனிதா முகம் கழுவ வெளியே போனாள். கன்னியம்மா கதவைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்றேன், எம்மருமவகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க. அது துன்னது செவப்பு மாத்திர. மாட்டுக் கொட்டாயில வெல்லம் ஒட்டின துணியப் பாத்தேன். மொத வாந்தில செவப்பு செவப்பா தோலு கெடந்துச்சி. அவ பாக்கறதுக்குள்ள மண்ணப் போட்டு மூடிட்டேன்."

"அவகிட்ட நீ கேக்கலியா?"

"அய்யய்யோ! நான் கேக்க மாட்டேன். நீங்களும் கேக்கக்கூடாது. சத்தியமா?"

இவளுக்கும் சத்தியம் செய்து கொடுத்தேன். ஒரே ரகசியத்தை ரெண்டு பேரிடமிருந்தும் வாங்கிக்கொண்டு, ரெண்டு பேரிடமும் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். பாஸ்கர் சார் இந்த மாதிரி நிலைமைக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ப்ளாக்கி எழுந்து உட்கார்ந்தது. வாந்தி நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தது. வெங்கடேசைப் பார்த்து வாலை ஆட்டியது. அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பயம் அப்போதுதான் அதிகமாயிற்று. இரும்பு வேலை செய்யும் விதம் இது. முதலில் குடலை அரித்து வாந்தியாக வரும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் காட்டும். அந்த நேரத்தில்தான் இரும்பு ரத்தத்திலிருந்து உள்ளுறுப்புகளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்து நாய் விழும், விழுந்தால் பெரும்பாலும் எழாது.

"வூட்டுக்கு இட்டுக்கினு போறோம் டாக்டரம்மா. நான் ராவு ஷிஃப்டுக்குப் போயாவணும்" என்றான் வெங்கடேசு.

"இல்லப்பா. இன்னும் ரெண்டு மூணு நாள் இங்கயே இருக்கணும். மருந்து வந்துக்கினு இருக்குது."

"வாந்திதான் நின்னுடுச்சே? வாலு ஆட்டுது பாருங்க! இன்னாத்துக்கு மருந்து?"

"மறுபடி விழும்."

"அப்ப இன்னா துன்னுதுன்னு சொல்லுங்க. தெரிஞ்சா வுட்டுட்டுப் போறேன். தெரியாமயே மருந்து குடுத்துக்கினு இருப்பீங்களா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நான் சலைன் பாட்டிலைப் பார்த்தேன். அனிதா என்னைப் பார்த்தாள். கன்னியம்மாவும் என்னைப் பார்த்தாள். அவன் குனிந்து நாயைத் தூக்கக் கையைக் கொடுத்துவிட்டான். இனி சத்தியமாவது மண்ணாவது, சொல்லிவிட வேண்டியதுதான் என்று நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்டா" என்றாள் கன்னியம்மா.

"இன்னாம்மா?"

"அனிதா மாத்திரயத்தான் துன்னுடுச்சி. ஆஷா குடுத்தத நான்தான் எலிக்குப் பயந்து மாட்டுக் கொட்டாயில வெச்சிட்டேன். வெல்லத்தையும் கூடவே வெச்சிட்டேன். புத்தி கெட்டுப்போச்சி."

வெங்கடேசு நிமிர்ந்தான். அம்மாவை அப்படி யாரும் பேசக்கூடாது, பேசினான். வயசானால் வாயும் கையும் சும்மா இருக்காதா, இத்தனை நேரம் கல்லு மாதிரி நின்றாயே, நாய் செத்திருந்தால் என்ன பண்ணியிருப்பாய் என்று கத்தினான். வெளியே மாட்டோடு நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கன்னியம்மா நாய்க் காலில் சலைன் ஊசி கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை இல்ல, நான்தான்" என்றாள் அனிதா.

எல்லாவற்றையும் சொன்னாள். குமட்டல், கறுப்பு, முந்தானை, துணி முடிச்சு. என்னிடம் சொன்னபோது அழுதவள், இப்போது அழாமல் சொன்னாள்.

வெங்கடேசு இன்னும் கத்தப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் நாயிடமிருந்து கையை எடுத்தான்.

"அப்ப நீ இத்தினி நாளா ஒண்ணுகூட போடலியா?" என்று கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "இவளுக்கு இன்னா ஆவும் டாக்டரம்மா?" என்றான்.

நான் மாட்டு டாக்டர்தான், ஆனாலும் தெரிந்ததைச் சொன்னேன். ரத்தம் குறைந்திருக்கிறது, நாளைக்கே பெண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், குமட்டினால் வேறு மாத்திரை இருக்கிறது, அதுவும் ஆகாவிட்டால் ஊசியாக ஏற்றுவார்கள், குழந்தை பெரிசாகும் என்பதெல்லாம் வெட்டிப் பேச்சு என்றேன். கன்னியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். வெங்கடேசு கம்பெனிக்கு வரமாட்டேன் என்று போன் செய்துவிட்டு, பைக் ஒன்றைக் கடன் கேட்டுக்கொண்டு புத்தூருக்குக் கிளம்பினான். பொழுது சாய்வதற்குள் மருந்தோடு வந்தான். பஸ் ஸ்டாண்ட் முழுக்க எலும்பு முறிவுக்குப் புத்தூர் வைத்தியம் தேடி வந்து கையிலும் காலிலும் கட்டுப் போட்ட கூட்டம், அதற்குள் புகுந்து டிரைவரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

மருந்தை அன்று ராத்திரியே ஏற்ற ஆரம்பித்தும், நான் சொன்னபடியே மறுநாள் காலையில் ப்ளாக்கி விழுந்தது. ஈறு வெளுத்து, காது சில்லிட்டு, கூப்பிட்டால் கண்ணை மட்டும் அசைத்தது. நான் சொன்னது பலித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அந்த மருந்தைச் சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும். வேகமாகப் போனால் மருந்தே ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளிவிடும். சொட்டைப் பார்ப்பதும் ஈறைப் பார்ப்பதுமாக அந்த நாள் போயிற்று. சொட்டுகளுக்கு நடுவில் எனக்குத் தெரிந்த ஜெபத்தையும் சொல்லிக்கொண்டேன். பெண் டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்த மாமியாரும் மருமகளும் நாய்க்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

திடீரென்று கன்னியம்மா, "அய்யோ, ரத்தமா மூத்திரம் போவுதே!" என்று அலறினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ரத்தம் இல்லை, செங்கல் கரைத்த நிறம். மருந்து இரும்பைப் பிடித்து வெளியே தள்ளினால் அப்படித்தான் வரும். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டேன். மூத்திரத்தைப் பார்த்து இந்த டாக்டர் ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று அவள் விழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ப்ளாக்கி நின்று நிதானமாகத்தான் எழுந்தது. கஞ்சி குடித்து, நாலு அடி நடந்து, என் அட்டெண்டரைப் பார்த்துக் குரைத்த அன்று, வீட்டுக்குப் போகலாம் என்றேன். வெங்கடேசு ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான். வாசலில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ரெண்டு பேரும் நின்றார்கள். கன்னியம்மா அன்றைக்கு மண்ணைப் போட்டு மூடிய கதையை அதற்குள் அனிதாவிடம் சொல்லியிருக்கிறாள் போலும். நான் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தப் பெண் கேட்டாள்.

"தெரிஞ்சிக்கினே ஏன் அத்தை என்ன கேக்கல?"

கன்னியம்மா நாயின் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள்.

"கேட்டா நீ கோச்சிக்கினு உங்கம்மா வூட்டுக்குப் போயிட்டின்னா? அவன் வாரத்துக்கு ஒருநாள் வர்றவன். அப்பறம் அந்த வூட்ல எனுக்கு யார்மே கீறாங்க?"

அனிதா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுவியோன்னுதான் அத்தை நான் சொல்லல."

கன்னியம்மா கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். ஆட்டோ வந்து நின்றது.